மலையேறிய இசைத்தட்டுகள்

உதகமண்டலத்தில் புனித ஸ்தேவான் தேவாலயத்தைக் காணச் செல்வோருக்கு அங்குள்ளோர் தவறாமல் எடுத்துரைக்கும் செய்தி ஒன்றுண்டு. 1831இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் பெரும் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இருந்த திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, யானைகளின் துணையால் மலைமீது ஏற்றப்பட்டவை என்பதே அச்செய்தி. நீலகிரியின் அண்மைக்கால வரலாற்றைப் பொருள்கள் மலையேறிய வரலாறு என்று கூறினாலும் பிழையாகாது. திப்புவின் மரம் ஏறியது; சின்கோனாவும் தேயிலையும் ஏறின; ஆங்கிலேயரின் பியானோக்களும் நூல்களும் ஏறின. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய மலை இரயில் வந்தபின், கையால் தூக்க அஞ்சும் உடையக்கூடிய பொருள்களும் ஏறலாயின. அவ்வாறு ஏறியவற்றுள் வரலாற்றாசிரியர்கள் பெரிதும் கவனியாது விட்ட ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முனைகிறோம். அது கிராமபோன் இசைத்தட்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்து மழையொன்றுக்கு அஞ்சி உதகைக் கடைவீதியில் ஒரு பழம்பொருள் கடைக்குள் ஒதுங்கினோம். பித்தளை விளக்குகள், பங்களாக்களிலிருந்து கழித்துவிடப்பட்ட நாற்காலிகள், முள் நின்றுபோன சுவர்க் கடிகாரங்கள் ஆகியவற்றுக்கு இடையே, சுவரோரம் ஒரு சணல் சாக்கு சாய்ந்திருந்தது. அதனுள் இசைத்தட்டுகள். எடுத்துப் பார்க்க இசைவு கேட்டோம். கடைக்காரர் முதியவர். நம் தொப்பியைக் கண்டு ஸலாம் உரைத்துவிட்டு அவர் கூறியதை அவருடைய சொற்களிலேயே தருகிறோம்:

"இங்கிலீஷ் ரிக்கார்டுன்னா பெங்களூர்லேருந்து பிள்ளைங்க வந்து சொன்ன விலைக்கு வாங்கிட்டுப் போறாங்க பாய். தமிழ் ரிக்கார்டை யாரு கேக்குறா? அது கடிகாரம் பண்றவங்களுக்கு வச்சிருக்கேன். மொத்தமா எடுத்துக்குவாங்க."

கடிகாரம் என்று அவர் கூறியது நமக்கு உடனே விளங்கவில்லை. பின்னரே விளக்கினார். தட்டின் நடுவிலுள்ள துளையில் கடிகார இயந்திரத்தைப் பொருத்தி, விளிம்பைச் சுற்றி எண்களைத் தீட்டினால் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் அலங்காரப் பொருளாகிவிடுமாம். சூடேற்றி வளைத்துக் கிண்ணமாக்குவோரும் உண்டாம். அச்சாக்கில் இருந்தவை 31 தட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். ஆங்கில நடன இசை இரண்டு. இந்தித் திரைப்பாடல்கள் ஐந்து. மலையாள மாப்பிளைப் பாட்டுத் தட்டுகள் மூன்று. நாகசுரத் தட்டு ஒன்று. தமிழ்த் திரைப்பாடல்கள் ஏறத்தாழப் பாதி. எஞ்சியவற்றுள் நாகூர் இ.எம். ஹனிபா பாடிய சிறு தட்டுகள் நான்கு. பெரும்பாலானவற்றின் வட்டச்சீட்டில் வெள்ளை வண்ணத்தால் பெரிதாக ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. திருமண வீடுகளில் ஒலிபெருக்கி அமைப்போர், இருட்டிலும் தட்டை அடையாளம் காண எழுதி வைத்த எண் அது. இவை யாவும் ஒரு காலத்தில் இம்மலையில் தொழில் செய்த ஒரு 'சவுண்ட் சர்வீஸ்' கடையின் கையிருப்பு என்பது ஐயமற விளங்கியது.

சாக்கிலிருந்த மொழிகளின் வரிசையே நமக்கு ஒரு குடிமதிப்பாகத் தோன்றியது. வெல்லிங்டன் படைமுகாமும் தோட்டத்துரைகளின் பங்களாக்களும் ஆங்கிலத் தட்டுகளில் இருந்தன. கூடலூர், பந்தலூர்ப் பகுதிக்குக் கீழிருந்து வந்து குடியேறிய மலபார் மாப்பிளைமார் மலையாளத் தட்டுகளில் இருந்தனர். வணிகர், கூலியாட்கள், தையற்காரர், இறைச்சிக் கடைக்காரர் எனக் கடைவீதியை நிறைத்த தமிழ் முஸ்லிம்கள் ஹனிபாவின் தட்டுகளில் இருந்தனர். ஓர் ஊர் எதைக் கேட்டது என்பதைக் கூறும் ஆவணம் வேறு எங்குக் கிடைக்கும்?

அரக்கும் ஊசியும்

இளைய வாசகர்களுக்காக இசைத்தட்டின் இயல்பைச் சிறிது விளக்குதல் தகும். எமிலி பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்ற கிராமபோன், எடிசனின் மெழுகு உருளைக்கு மாற்றாகத் தட்டையான வட்டத்தைப் பயன்படுத்தியது. உருளையைப் பெருமளவில் படியெடுத்தல் அரிது. தட்டையோ ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். அச்சு நூலுக்கும் கையெழுத்துச் சுவடிக்கும் உள்ள வேறுபாடு இது எனலாம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் பிணைப்புப் பொருள் அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் பலாசு, பூவம் முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பு அது. அதனோடு கல்மாவும் கரியும் சேர்த்துச் சூட்டில் அழுத்தினர். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடும். ஒரு பக்கம் முடிந்ததும் எஃகு ஊசியை மாற்றவேண்டும். தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தை உழுதுவிடும். 1948இல் அமெரிக்காவில் வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான நெடுநேரத் தட்டு 33⅓ சுற்றில் வந்தது. மறு ஆண்டு 45 சுற்றுச் சிறுதட்டு வந்தது. நம் நாட்டில் அரக்குத் தட்டு அதற்குப் பின்னும் நெடுநாள் வாழ்ந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி முடுக்கும் கிராமபோன்களே இருந்தன என்பது அதன் காரணம். 1960களில் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்களும்கூட இங்கு 78 சுற்று அரக்குத் தட்டுகளாக வெளிவந்தன. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றளவும் அவற்றைத் தேடி இந்தியப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றனர்.

மலைக்காற்று இத்தட்டுகளுக்கு உகந்ததன்று. நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்கு மழை தொடங்கிவிடும். ஈரத்தில் தட்டின்மேல் வெண்பூஞ்சை படியும். உறைத்தாளை இராமபாணப் பூச்சி தின்னும். ஆயினும் சமவெளியின் வெயிலில் வினைல் தட்டு வளைந்து கெடுவதைப்போல் இங்குக் கெடுவதில்லை. நாம் வாங்கிவந்த தட்டுகளை வடிநீரும் சிறிதளவு மென்சோப்பும் கொண்டு, பள்ளங்களின் போக்கிலேயே பஞ்சால் துடைத்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை. வினைல் தட்டைத் துடைக்கச் சிலர் சாராயக் கரைசலைப் பயன்படுத்துவர். அரக்குத் தட்டின்மேல் அது பட்டால் அரக்கு கரைந்துவிடும். தட்டும் பாட்டும் ஒருங்கே அழியும். தொடக்க நாளில் அறியாமையால் நாமும் ஒரு நாடகப்பாட்டுத் தட்டை இவ்வாறு பாழாக்கினோம். அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு உறுத்துகிறது.

மைசூர் வழி

உதகையிலிருந்து கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர் வழியே மறுபுறம் இறங்கினால் மைசூர். இசைத்தட்டின் வரலாற்றில் இவ்வழிக்குத் தனியிடம் உண்டு. உதகையின் பெர்ன்ஹில் அரண்மனை மைசூர் மன்னர்களின் கோடைக்கால இல்லமாக விளங்கியது. அம்மரபின் இறுதி மன்னரான ஜயசாமராஜ உடையார் (1919–1974) தம் காலத்து உலகில் இசைத்தட்டுகளைப் பெருமளவில் திரட்டியோருள் ஒருவர். அவருடைய தட்டுகள் ஏறத்தாழ 20,000 என்று மதிப்பிடப்பட்டது. கருநாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றிய அவர், பியானோவும் முறையாகக் கற்றவர். நிக்கோலாய் மெட்னர் என்னும் ரஷ்ய இசையமைப்பாளர் இலண்டனில் வறுமையிலும் நோயிலும் வாடியதை அறிந்து, அவருடைய படைப்புகளை இசைத்தட்டில் பதிப்பிக்கும் பொருட்டு ஒரு சங்கத்தை நிறுவப் பொருளுதவி செய்தார். மெட்னர் தம் பியானோ இசைக்கோவைகள் மூன்றையும் 1947இல் தாமே வாசித்துப் பதிவு செய்தார். நான்கு ஆண்டுகளில் மறைந்தார். மூன்றாம் கோவையை மைசூர் மன்னருக்கே காணிக்கையாக்கியிருந்தார். 1950 மே 22 அன்று இலண்டனில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்னும் ஜெர்மானியரின் இறுதிப் பாடல்கள் நான்கும் முதன்முறையாக அரங்கேறியபோதும், அதற்குப் பணப்பொறுப்பு ஏற்றவர் உடையாரே. அந்நிகழ்ச்சி தட்டுகளில் பதிவு செய்யப்பட்டு மைசூருக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் கேட்க விரும்பியதனாலேயே அந்த அரங்கேற்றத்தின் ஒலி இன்று உலகுக்குக் கிடைக்கிறது. ஒரு கேட்போன் தன் ஆசையால் ஓர் ஒலியை அழிவிலிருந்து காக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குக் கிட்டவில்லை.

அவருக்கு முன் ஆண்ட நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையிலேதான், இந்திய இசைத்தட்டின் முதல் பெரும் பாடகியான கௌஹர் ஜான் தம் இறுதி நாள்களைக் கழித்தார். ஆர்மேனியக் குடும்பத்தில் ஏஞ்சலினா என்னும் பெயருடன் பிறந்து, தாயார் இஸ்லாத்தைத் தழுவியபோது கௌஹர் ஜான் ஆனவர் அவர். 1902 நவம்பரில் பிரெடெரிக் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து இந்தியாவில் முதன்முதலாகத் தட்டுகளைப் பதிவு செய்தபோது பாடியவர்களுள் இவரும் ஒருவர். முதலில் பாடியவரே இவர்தாம் எனப் பலரும் எழுதிவருகின்றனர். அவருக்குச் சில நாள்கள் முன்பே சசிமுகி, பணிபாலா என்னும் நாடகப் பெண்மணிகள் இருவர் பாடிப் பதிவாகிவிட்டனர் என்பது இசைத்தட்டு ஆய்வாளர்கள் பட்டியலிட்டுக் காட்டிய உண்மை. பெருமைக்குரியவரின் பெருமையை மிகைப்படுத்தத் தேவையில்லை. அக்காலத்தில் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பி அழுத்தப்பட்டன. அங்குள்ள பணியாளர் பாடகரை அடையாளம் காணும் பொருட்டுப் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பது கௌஹர் ஜானின் வழக்கம். கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அழுத்தும் ஆலை ஏற்பட்டது 1908இல்; உதகைக்கு இரயில் வந்ததும் அதே ஆண்டில். கௌஹர் ஜான் 1928இல் மைசூர் அவைப் பாடகியாக அமர்த்தப்பட்டு, 1930 ஜனவரி 17இல் அந்நகரிலேயே காலமானார்.

மைசூர் அவையோடு தொடர்புடைய மற்றொருவர் கிரானா மரபின் உஸ்தாத் அப்துல் கரீம் கான். இந்துஸ்தானி இசையின் இப்பேராசான் தியாகராஜரின் கீர்த்தனையையும் ஓடியன் தட்டில் பாடி வைத்தார். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் உடல்நலம் குன்றி, சிங்கப்பெருமாள் கோயில் இரயில் நிலையத்தில் இறங்கி அங்கேயே உயிர் நீத்தார். ஒரு தமிழ்ச் சிற்றூரின் இரயில் மேடையில் அடங்கிய அக்குரலை நாம் இன்றும் கேட்கிறோம். அந்த ஓடியன் நிறுவனத்தின் தட்டுகளை 1930களில் தென்னாட்டில் பரப்பியது, ஏ.வி. மெய்யப்பன் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆகும். நாடகப் பாடல்கள் கொட்டகையை விட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்தது அக்காலத்தில்தான்.

ஒலியும் உலமாக்களும்

இங்கே வாசகர் உள்ளத்தில் எழக்கூடிய ஒரு வினாவை நாம் ஒதுக்கிவிட இயலாது. இக்கருவியை முஸ்லிம் அறிஞர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர்? படேவியாவில் வாழ்ந்த ஹள்ரமீ மரபினரான சையித் உஸ்மான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது குறித்து எழுதினார். அதை டச்சு நாட்டு ஆய்வாளர் ஸ்னூக் ஹுர்குரோன்யே 1900இல் தம் கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்தார். நம் நாட்டில் பரேலியின் அஹ்மத் ரிளா கான் ஹிஜ்ரி 1328இல், அதாவது 1910இல், போனோகிராபின் சட்டம் பற்றித் தனி நூலே இயற்றினார். தட்டிலிருந்து வரும் ஓதல் ஓதலாகுமா, எதிரொலியாகுமா? ஸஜ்தா வசனம் ஒலித்தால் கேட்பவர் ஸஜ்தா செய்யவேண்டுமா? கேளிக்கைக் கூடத்தில் சுழலும் கருவியில் இறைமறையை ஏற்றுதல் கண்ணியமாகுமா? இவை அக்காலத்து வினாக்கள். புதுக் கருவியைக் கண்டு மருண்டவர்களின் பேச்சு என இவற்றை இகழ்வோர் உளர், அது முறையன்று. ஒலி, அதை எழுப்பியவரிடமிருந்து பிரிக்கப்பட்டுக் கடையில் விற்கப்படும்போது அது என்னவாகிறது என்ற வினாவை அன்று ஆழமாகக் கேட்டவர்களுள் இவ்வறிஞர்களும் அடங்குவர்.

இதில் எகிப்தின் காரி முஹம்மது ரிப்அத் (1882–1950) அவர்களின் வரலாறு நம்மை மிகவும் ஈர்த்தது. பார்வையிழந்த அப்பெருமகனார் 1934 மே 31இல் எகிப்திய வானொலியைத் தம் ஓதலால் தொடங்கி வைத்தவர். தட்டு நிறுவனங்கள் அழைத்தபோது மறுத்தார். தகாத இடங்களில் தட்டு சுழலும் என்னும் அச்சமே காரணம். அவ்வாறாயின் அவருடைய ஓதல் இன்று நம் காதுக்கு எப்படி எட்டியது? ஸகரிய்யா பாஷா மஹ்ரான் என்னும் அன்பர், வானொலியில் வந்த ஓதல்களைத் தம் சொந்தச் செலவில் தட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். காரியின் குரலில் இன்று எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி அவ்வன்பரின் வீட்டிலிருந்து கிடைத்ததே. பின்னர் 1961இல் முஹம்மது கலீல் அல்ஹுஸரியின் குரலில் குர்ஆன் முழுமையும் தட்டுகளாக வெளிவந்தபோது பழைய தயக்கம் பெருமளவு நீங்கிவிட்டிருந்தது.

கடைவீதிக் குரல்கள்

இனி நாம் வாங்கிய சாக்குக்குத் திரும்புவோம். மாப்பிளைப் பாட்டுத் தட்டுகளுள் ஒன்றில் பீர் முஹம்மதின் பெயரைக் கண்டோம். சிறுவனாக இருந்தபோதே எச்.எம்.வி. நிறுவனத்துக்குப் பாடத் தொடங்கியவர். மலையாள முஸ்லிம்களின் இல்லங்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒலித்த குரலுக்கு உரியவர். அவர் பிறந்தது தென்காசிக்கு அருகிலுள்ள சுரண்டையில் என்பது நம்மவர் பலர் அறியாதது. தென்காசிச் சீமையில் பிறந்த குரல் தலச்சேரியில் வளர்ந்து, கூடலூர்த் தோட்டங்களுக்கு மலையேறியிருக்கிறது. நாகசுரத் தட்டு ஷேக் சின்ன மௌலானாவுடையது. ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட அவருக்கு 1998இல் சென்னை மியூசிக் அகாதமி சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

ஹனிபாவின் தட்டுகளைப் பற்றி விரிவாகக் கூறவேண்டும். 1925இல் இராமநாதபுரத்தில் பிறந்து நாகூரை அடைமொழியாகக் கொண்ட அவருடைய குரல், ஒலிபெருக்கி இல்லாமலே ஒரு தெருவைக் கடக்கும் என்பார்கள். திராவிட இயக்க மேடைகளில் பாடிய அதே குரல், நாகூர்ப் புலவர் ஆபிதீன் போன்றோர் இயற்றிய இஸ்லாமியப் பாடல்களையும் பாடியது. 'பாவமன்னிப்பு' (1961) திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு இணைந்து பாடியபோது முஸ்லிம் அல்லாத தமிழரின் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. ஆயினும் அவருடைய உண்மையான அரங்கம் திரையன்று, தெருவே. திருமணப் பந்தலின் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, கந்தூரி விழா, மீலாது மேடை, ரமளானில் ஸஹர் நேரத்தில் ஊரை எழுப்பும் தட்டு ஆகியனவே அவருக்கு அரங்காயின. ஒரு தட்டை வாங்கும் வசதி எல்லார்க்கும் இருந்ததில்லை. ஒருவர் வாங்கிய தட்டை ஊரே கேட்டது. இதனால்தான் சவுண்ட் சர்வீஸ் கடையின் சாக்கு, ஒரு தனிமனிதரின் சேகரிப்பைவிட நமக்கு மதிப்புடையதாகப் படுகிறது.

மலைத் தோட்டங்களுக்கு இக்குரல்கள் வேறொரு வழியிலும் வந்தன. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியபோது, நாடெங்கும் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினர். அங்கிருந்த பெரும் இசைத்தட்டு நூலகத்திலிருந்து திரைப்பாடல்களோடு முஸ்லிம் நிகழ்ச்சிகளும் தமிழில் வந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலர், 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் நீலகிரியின் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு இலங்கை வானொலி பொழுதுபோக்கு மட்டுமன்று; பிரிந்து வந்த மலையகத்தின் குரல் அது. அந்தி நேரத்து லயத்தில் ஒலித்த வானொலியின் மறுமுனையில் ஓர் இசைத்தட்டுதான் சுழன்றுகொண்டிருந்தது.

இப்பாடல்களின் சில கருத்துகள் குறித்தும், அவற்றில் சேர்ந்த இசைக்கருவிகள் குறித்தும் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்துவைக்கும் தகுதி நமக்கில்லை. இக்கட்டுரையின் நோக்கமும் அதுவன்று. நாம் கூறவிழைவது ஒன்றே. அச்சில் வந்த நம் இலக்கியத்துக்குப் பேராசிரியர் ம.மு. உவைஸும் முனைவர் பீ.மு. அஜ்மல் கானும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வாயிலாகத் தொகுதி தொகுதியாக வரலாறு எழுதித் தந்தனர். சீறாப்புராணத்தையும் முனாஜாத்துகளையும் கிஸ்ஸாக்களையும் தேடுவோர்க்குச் செல்லுமிடம் உண்டு. ஒலியாக வந்த இலக்கியத்துக்கு அவ்வாறான ஒரு பட்டியலை நாம் கண்டதில்லை. எந்தப் பாடல், யார் இயற்றியது, யார் இசையமைத்தது, எந்த ஆண்டு, எந்தத் தட்டெண்? இவ்விவரங்கள் தட்டின் வட்டச்சீட்டிலும், பள்ளங்கள் முடியும் இடத்தில் கீறப்பட்ட சிறு எண்ணிலும்தாம் உள்ளன. கல்வெட்டைப் படியெடுப்பதுபோல் அவற்றைப் படியெடுத்தாக வேண்டும். ஒலியை மட்டும் கணினியில் ஏற்றித் தட்டை எறிந்துவிடுவோர் கல்வெட்டை வாசித்துவிட்டுக் கல்லை உடைப்பவரை ஒப்பர்.

இது இயலாத செயலன்று. மும்பையில் 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தினரின் முயற்சியால், ஓடியன் தட்டுகள் பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின்கீழ் எண்ணியப் படிகளாக மாற்றப்பட்டன. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் இந்தியாவின் தொடக்ககாலத் தட்டுகளை எண் வரிசையில் பட்டியலிட்டு 1994இல் நூலாக்கினார். கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் சன்னி மேத்யூ என்னும் ஓய்வுபெற்ற அரசு அலுவலர் தம் சேகரிப்பை 2015இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். தனியொருவர் தொடங்கினாலும் போதும் என்பதை இவர்கள் காட்டியுள்ளனர். மாறாக, இன்று உலகெங்கும் இசைத்தட்டு மீண்டும் விரும்பப்படுவதால் மட்டும் நம் தட்டுகள் காக்கப்பட்டுவிடும் என நம்புவதற்கில்லை. அமெரிக்காவில் 2022இல் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, 1987க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தகடுகளை விஞ்சியது. ஆனால் அந்த விருப்பம் உதகைக் கடைக்கு வந்து சேரும்போது ஆங்கிலத் தட்டின் விலையை உயர்த்துகிறது. தமிழ்த் தட்டைக் கடிகாரமாக்குகிறது.

அன்று 31 தட்டுகளையும் நாம் வாங்கினோம். பேரம் பேசவில்லை, முதியவரும் மிகுதியாகக் கேட்கவில்லை. தமிழ்த் தட்டோ மாப்பிளைப் பாட்டோ வந்தால் எடுத்து வைக்குமாறும், கடிகாரக்காரர் தரும் விலையினும் கூடுதலாகத் தருவதாகவும் சொல்லிவந்தோம். ஊருக்குத் திரும்பியதும் ஒரு குறிப்பேடு வாங்கி, தட்டுக்கு ஒரு பக்கமாக விவரங்களை எழுதத் தொடங்கினோம்.

மறு ஆண்டு சென்றபோது அவர் சொன்ன சொல் தவறாது நான்கு தட்டுகளை வைத்திருந்தார். மூன்று நல்ல நிலையில் இருந்தன. நான்காவது ஹனிபாவின் 45 சுற்றுத் தட்டு. "இதை மட்டும் நான் பாக்குறதுக்குள்ள எடுத்துட்டுப் போய் நம்பர் எழுதிட்டாங்க பாய், திருப்பி வாங்கி வச்சேன்" என்றார். விளிம்பைச் சுற்றிப் பொன்வண்ணத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள். வண்ணம் பள்ளங்களுக்குள் இறங்கிவிட்டது. சுரண்டினால் பள்ளமும் போய்விடும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஊசியை வைத்தோம். முதற்பாட்டு முழுவதும் ஒவ்வொரு சுற்றிலும் எண்களைத் தட்டித் தட்டிச் சென்றது, சொற்கள் விளங்கவில்லை. எண்கள் எட்டாத உட்பகுதியில் இருந்த இரண்டாம் பாட்டு பழுதின்றிப் பாடியது. குறிப்பேட்டில் அதற்கான பக்கத்தில் இரண்டையும் எழுதி வைத்துள்ளோம்.